செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரே ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நிற்கும் யாராவது உடனே "செல்ஃப் மோட்டார் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். புது மோட்டார் வாங்கி மாட்டிய பிறகும் அதே "டிக்" கேட்கும்போதுதான், கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது என்பது தெரியவரும். செல்ஃப் எடுக்காத வண்டியில் மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன்னால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், ரிலே, சுவிட்சுகள் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. ஒரு சாதாரண மல்டிமீட்டரும் சாவியைத் திருப்ப ஓர் ஆளும் இருந்தால், இந்த வரிசையில் எது குற்றவாளி என்பதை வீட்டு வாசலிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தக் கட்டுரை 12 வோல்ட் அமைப்பு உள்ள கார்களை வைத்து எழுதியது. இரு சக்கர வண்டிகளுக்கு எங்கே மாறும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் உள்ளே நடப்பது என்ன

ஸ்டார்ட்டர் அமைப்பில் இரண்டு மின்சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று தடித்த வயர் சுற்று: பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து மோட்டாருக்குப் போய், மோட்டாரின் உடம்பு வழியாக இன்ஜினுக்கும், அங்கிருந்து எர்த் வயர் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்கும் திரும்பி வரும். நாலு சிலிண்டர் பெட்ரோல் காரில் இன்ஜினைச் சுற்றும் நேரத்தில் இதில் சுமார் 100 முதல் 200 ஆம்பியர் ஓடும். டீசலில் அதைவிட அதிகம். மற்றது மெல்லிய வயர் சுற்று: சாவியிலிருந்து கியர் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ரிலே (சின்னக் கரண்டால் இன்னொரு சுற்றைத் திறந்து மூடும் சுவிட்ச்) என்று கடந்து சொலினாய்டுக்கு, அதாவது மோட்டாரோடு சேர்ந்திருக்கும் மின்காந்த சுவிட்சுக்கு, வரும். தடித்த சுற்றோடு ஒப்பிட்டால் இதில் ஓடும் கரண்ட் சொற்பம். சாவியால் 150 ஆம்பியரை நேராகத் திறந்து மூட முடியாது, உள்ளே பொசுங்கிவிடும். அதனால் சாவி சொலினாய்டுக்குக் கட்டளை மட்டும் கொடுக்கிறது. சொலினாய்ட்தான் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிறது.

சொலினாய்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மோட்டாரின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி, இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பெரிய ரிங் கியரோடு கோத்துவிடுவது. பட்டறைகளில் பெண்டிக்ஸ் என்று சொல்வது அந்தச் சின்னப் பல்சக்கரமும் அதை ஒட்டிய ஒருவழிக் கிளட்சும் சேர்ந்த தொகுதியை. சின்னதில் பத்துப் பல் போல இருந்தால் ரிங் கியரில் நூற்றுக்கு மேல் இருக்கும். மோட்டார் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் இன்ஜின் ஒரு சுற்று. இப்படித்தான் கையடக்க மோட்டார் அவ்வளவு பெரிய இன்ஜினை அசைக்கிறது. இன்ஜின் பிடித்து ஓடத் தொடங்கியதும் இந்தக் கணக்கு தலைகீழாகும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று போனால், கோத்திருக்கும் சின்னச் சக்கரம் 30,000-க்கு மேல் சுற்றியாக வேண்டும், மோட்டார் சிதறிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த ஒருவழிக் கிளட்ச்: மோட்டார் இன்ஜினைச் சுற்றலாம், இன்ஜின் மோட்டாரைச் சுற்ற முடியாது.

சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். ஒன்று இழுக்கும் சுருள், மற்றது பிடித்து வைக்கும் சுருள். இழுக்கும் சுருளுக்கு எர்த் கிடைப்பது, மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் வழியாக. பிடிக்கும் சுருளுக்கு எர்த் நேராக உடம்பிலேயே. உள்ளே தாமிரத் தகடு, பேட்டரியின் தடித்த வயர் வரும் போல்ட்டையும் மோட்டாருக்குள் போகும் போல்ட்டையும் இணைத்ததும், இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் ஒரே வோல்டேஜ் வந்து அது தானாகவே ஓய்ந்துவிடும். பிடிக்கும் சுருள் மட்டும் வேலை செய்யும்.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் மாடலில் வந்தது. இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு மோட்டார் வைத்தால் அது வண்டி கொள்ளாத அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்ற எண்ணம் அப்போது இருந்தது. கெட்டரிங் முன்பு கடைக் கல்லாப் பெட்டிகளுக்கு மின் மோட்டார் வைத்தவர். சில நொடி மட்டும் உழைக்கும் மோட்டாருக்கு நாள் முழுக்க ஓடும் மோட்டாரின் உடம்பு தேவையில்லை, சின்ன மோட்டாருக்குள் அளவுக்கு மீறிய கரண்டைக் கொஞ்ச நேரம் விடலாம் என்பது அவர் கணக்கு. இன்றைய ஸ்டார்ட்டரும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. சாவியைத் தொடர்ந்து 10 நொடிக்கு மேல் பிடிக்காதே, இடையில் அரை நிமிடமாவது ஆறவிடு என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். பத்து வோல்ட், 150 ஆம்பியர் என்றால் 1,500 வாட். அந்தச் சின்ன உடம்புக்குள் சூடு தேங்கினால் சுருளின் பூச்சு கருகிப்போகும்.

கை வைக்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். மோதிரம், கைச்சங்கிலி, உலோகப் பட்டை கட்டிய கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மோதிரம் மாட்டினால் சில நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், விரலோடு சேர்த்து. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், உள்ளே இருப்பது கந்தக அமிலம். அதனால் தீப்பொறி, சிகரெட் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

பேட்டரி வயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்துத் திருப்பினால், ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் உடம்பில் பட்டதும் நேரடி ஷார்ட் ஆகும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்த ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது.

சத்தத்தைக் கேளுங்கள்

கருவியை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள். பாதி நோய் சத்தத்திலேயே தெரியும்.

இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர் அமைப்பு நன்றாக இருக்கிறது. பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் பக்கம் போங்கள். மேற்கொண்டு இதைப் படிக்க வேண்டாம்.

"டக டக டக" என்று துப்பாக்கி சுடுவது மாதிரி வேகமான சத்தம் வந்தால் வோல்டேஜ் போதவில்லை. சொலினாய்ட் இழுக்கிறது, பெரிய தொடர்பு மூடுகிறது, மோட்டார் கரண்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, பிடிக்கும் சுருளுக்குத் தெம்பு போய் விட்டுவிடுகிறது, வோல்டேஜ் திரும்ப ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இந்தச் சத்தம் கேட்டால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள்.

ஒரே ஒரு கனமான "டக்" என்றால் சொலினாய்ட் இழுத்துவிட்டது, பெரிய கரண்ட் போகவில்லை, அல்லது போயும் மோட்டார் சுற்றவில்லை. அடுத்து வரும் விளக்குச் சோதனை இதைப் பிரித்துக் காட்டும்.

சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் மெல்லிய வயர் சுற்றில் கோளாறு. பேட்டரி அடியோடு இறந்திருந்தாலும் இப்படித்தான்.

"ங்ஙீய்ய்" என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ் கோக்கவில்லை, அல்லது அதன் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது.

"கரகர" என்று பல் அரைக்கும் சத்தம் வந்தால் பல் தேய்ந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்ஜின் அணையும்போது கடைசியில் எந்த சிலிண்டரின் அமுக்கத்திலோ முட்டித்தான் நிற்கும். அதனால் நாலு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் அரைச் சுற்று இடைவெளியில் உள்ள இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நிற்கிறது, ரிங் கியரும் அந்த இடங்களில் மட்டும் அதிகம் தேய்கிறது. நாலு முறை நன்றாக எடுத்து, ஐந்தாம் முறை அரைக்கிறது என்றால் இதைச் சந்தேகப்படலாம். மேனுவல் கியர் வண்டியில் சாவியை அணைத்துவிட்டு, மேல் கியர் போட்டு, வண்டியைக் கொஞ்சம் தள்ளி, திரும்ப நியூட்ரலுக்கு வந்து பாருங்கள். இப்போது சுத்தமாக எடுத்தால் ரிங் கியர்தான். அதை மாற்றுவதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், தனியாளாகச் செய்யும் வேலை அல்ல.

இன்னொரு வகை அபூர்வம், ஆனால் ஆபத்து. சாவியை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். சொலினாய்டின் உள் தொடர்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. சாவியை அணைத்தாலும் நிற்காது. நேரம் கடத்தாமல் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

பேட்டரியை அளப்பது

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்றிருக்க வேண்டும். இப்போதுதான் ஓடியது என்றால் ஹெட்லைட்டை ஒன்றிரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு அளங்கள். இல்லையென்றால் மேல்மட்டச் சார்ஜ் பொய் சொல்லும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால்பங்குதான். பாதிக்குக் கீழே இருக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு மற்றச் சோதனைகளைச் செய்தால் எல்லா எண்களும் தப்பாக வரும், முதலில் சார்ஜ் செய்யுங்கள்.

12.6 காட்டிவிட்டதாலேயே பேட்டரி நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. தகடுகள் சல்ஃபேட் படிந்து செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.5 காட்டும். உண்மை தெரிய பாரம் ஏற்ற வேண்டும். இன்ஜின் பிடிக்காதபடி ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, மீட்டரைப் பேட்டரியில் வைத்தபடியே ஐந்து நொடி சாவியைப் பிடிக்கச் சொல்லுங்கள். மிதமான வெப்பநிலையில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், இல்லையேல் மோட்டாரோ இன்ஜினோ அளவுக்கு மீறி இழுக்கிறது. நல்லது என்று தெரிந்த வேறு பேட்டரியை வைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும்.

பேட்டரியின் மேல் சிசிஏ (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்) என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில், 30 நொடி நேரம், வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதன் அளவு அது. புதுப் பேட்டரி வாங்கும்போது வண்டிக்குச் சொன்ன சிசிஏ-க்குக் குறையாமல் வாங்குங்கள். நிறுத்தத்தில் தானே அணைந்து தானே எடுக்கும் வண்டிகளுக்கு அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரிதான் போட வேண்டும். சாதாரணப் பேட்டரி அதில் சீக்கிரம் சாகும்.

அப்புறம் டெர்மினல். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கழற்றி, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேயுங்கள். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் கழற்றிப் பாருங்கள். வயர் முனையில் இருக்கும் கிளாம்புக்கும் பேட்டரியின் ஈயப் போஸ்ட்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு படலம் ஒளிந்திருக்கும். காய்ந்ததும் மாட்டி, கையால் திருகினால் அசையாத அளவுக்கு முடுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். ஈயம் மெத்தென்றது, மூச்சுப் பிடித்து முடுக்க வேண்டாம். "செல்ஃப் போச்சு" என்று சொன்ன வண்டிகளில் பல இந்த இடத்திலேயே எடுத்துவிடும்.

விளக்கைப் போட்டுப் பாருங்கள்

மீட்டர் இல்லாதவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். பல வண்டிகள் கிராங்க் செய்யும்போது, அதாவது ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றும்போது, ஹெட்லைட்டைத் தானே அணைத்துவிடும். அப்படிப்பட்டதில் உள்விளக்கைப் பாருங்கள்.

விளக்கு அப்படியே பிரகாசமாக இருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் பெரிய கரண்ட் எங்கும் ஓடவில்லை. மெல்லிய சுற்று, சொலினாய்டின் தொடர்பு, தேய்ந்த கார்பன் இவற்றில் ஒன்று. விளக்கு அடியோடு மங்கி அணையப் பார்த்தால், பேட்டரி காலி, அல்லது டெர்மினல் மோசம், அல்லது சுற்ற முடியாத ஏதோ ஒன்றை மோட்டார் முட்டிக்கொண்டிருக்கிறது. கடைசிச் சந்தேகம் வந்தால் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையவே இல்லை என்றால் இன்ஜின் உள்ளே இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது வெள்ளத்தில் போன வண்டியாக இருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். அந்த நிலையில் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும்.

வோல்டேஜ் எங்கே தொலைகிறது

இதுதான் முக்கியமான சோதனை. பலரும் செய்யாததும் இதுவே, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, புதியவர்கள் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனையிலும் தொடுவார்கள். பூஜ்ஜியம் மாதிரி காட்டும், வயர் நல்லது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் 0.02 ஓம் என்பதைச் சாதாரண மீட்டரால் நம்பகமாகக் காட்டவே முடியாது. அந்த 0.02 ஓமின் வழியே 150 ஆம்பியர் போகும்போது 3 வோல்ட் அங்கேயே சூடாகக் கரைந்துவிடும். மோட்டாருக்குப் பேட்டரியில் இருக்கும் பத்து வோல்ட்டில் ஏழுதான் போய்ச் சேரும். புரி அறுந்த கயிறு சும்மா தொங்கும்போது முழுக் கயிறாகத்தான் தெரியும், பாரம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். அதனால் கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும்.

இன்ஜின் பிடிக்காதபடி ஃப்யூஸ் எடுத்த நிலையிலேயே இருக்கட்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்ட்டில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயப் போஸ்ட்டின் நடு மண்டையில். கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் போஸ்ட்டுக்கும் இடையே இருக்கும் கோளாறு அளவில் வராது. கறுப்பு முனையைச் சொலினாய்டுக்குத் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். பல வண்டிகளில் அதற்கு 30 என்று எண் இருக்கும். உதவியாளர் சாவியைத் திருப்பும்போது மீட்டரைப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் வயர் நல்லது.

அடுத்து கறுப்பு முனையைச் சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் மற்றப் போல்ட்டுக்கு மாற்றுங்கள். சாவி திருப்பும் முன் இங்கே முழுப் பேட்டரி வோல்டேஜும் தெரியும். பதற வேண்டாம், தொடர்பு திறந்திருப்பதால் அப்படி. கிராங்க் செய்யும்போது 0.5 வோல்ட்டுக்குள் இறங்க வேண்டும். முதல் அளவு 0.2-க்குள் இருந்து இது 1, 2 என்று நின்றால் சொலினாய்டின் உள்ளே தாமிரத் தொடர்பு கருகியிருக்கிறது.

இப்போது எர்த் பக்கம். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில், மறுமுனை மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். கிராங்க் செய்யும்போது 0.2, மிஞ்சினால் 0.3. அதற்கு மேல் போனால் எர்த் வயரைத் துருவுங்கள்: பேட்டரிக்கும் உடம்புக்கும் ஒன்று, இன்ஜினுக்கும் உடம்புக்கும் ஒன்று என்று வண்டியைப் பொறுத்து இருக்கும். இன்ஜின் எர்த் அறுந்துபோனால் கரண்ட் வேறு வழி தேடி, ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று எதன் வழியாகவாவது போகும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள் சூடானால் சந்தேகமே வேண்டாம். கிளட்ச் மாற்றவோ கியர்பாக்ஸ் இறக்கவோ செய்த மறுநாளே செல்ஃப் மந்தமானால், எர்த் போல்ட்டைப் பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருக்கிறார்களா, மாட்டவே மறந்துவிட்டார்களா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த அளவுகள் எல்லாம் பெரிய கரண்ட் ஓடினால்தான் பொருள் தரும். சொலினாய்ட் இழுக்கவே இல்லை என்றால் கரண்ட் இல்லை, எல்லா இடத்திலும் பூஜ்ஜியம்தான் காட்டும். அதைப் பார்த்து "வயர் எல்லாம் நல்லது" என்று சொல்லிவிடக் கூடாது.

புது வயர் போடுவதாக இருந்தால் உள்ளே இருக்கும் தாமிரத்தின் பருமனைப் பாருங்கள். மெல்லிய கம்பிக்குத் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு விற்பது உண்டு; வெளித் தோற்றத்தில் பழையதைவிட கம்பீரமாக இருக்கும், வேலையில் தோற்றுவிடும்.

சொலினாய்ட் மௌனமாக இருந்தால்

சொலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரின் முனையில், அதாவது 50 என்று எண் இருக்கும் இடத்தில், சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தபடி உடம்புக்கு எதிராக அளங்கள். பேட்டரி வோல்டேஜுக்கு நெருக்கமாக வந்தால் கட்டளை வந்து சேர்கிறது, கோளாறு சொலினாய்டிலோ மோட்டாரிலோதான். வரவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள்: ஃப்யூஸ், ரிலே, நியூட்ரல் சுவிட்ச் அல்லது கிளட்ச் சுவிட்ச், சாவி சுவிட்ச். ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கில் எடுக்காமல் நியூட்ரலில் எடுத்தால் கியர் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. கிளட்சை முழுவதும் மிதிக்காவிட்டால் எடுக்காத வண்டிகளில், மிதிக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் கால்மிதிதான் எதிரி என்பதும் நடக்கும். ரிலேயைச் சோதிக்க எளிய வழி, பெட்டியில் அதே எண் போட்ட வேறு ரிலேயை, ஹாரனுடையது மாதிரி ஒன்றை, இடம் மாற்றி வைப்பது. டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியால் முயலுங்கள்.

கட்டளை வந்தும் சொலினாய்ட் இழுக்கவில்லை என்பதாலேயே சொலினாய்ட் கெட்டது என்று சொல்ல முடியாது. இழுக்கும் சுருளுக்கு எர்த் மோட்டாரின் கார்பன் வழியாக வருகிறது என்று முன்பே பார்த்தோம் அல்லவா? கார்பன் தேய்ந்து தொடாமல் இருந்தால் சொலினாய்டும் இழுக்காது. மோட்டாரின் மேல் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டியதும் எடுக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் விஷயம். தட்டுவது வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள்: இன்றைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே ஒட்டியிருப்பது நிரந்தரக் காந்தம், பீங்கான் மாதிரி உடையும்.

குளிர்ந்திருக்கும்போது எடுத்து, நீண்ட தூரம் ஓடி நிறுத்திய பின் எடுக்காமல் போவது இன்னொரு பழைய புகார். தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் போலக் கூடும்; 80 டிகிரி ஏறினால் முப்பது சதவீதம் கூடிவிடும். ஏற்கெனவே வோல்டேஜ் கசியும் மெல்லிய சுற்றில், சூடான சுருளுக்கு இழுக்கும் தெம்பு மிஞ்சாது. வண்டி எடுக்காமல் நிற்கும் அந்தச் சூட்டிலேயே 50-ஆம் முனையை அளங்கள். ஆறிய பின் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

ஸ்க்ரூடிரைவரால் 30-யும் 50-யும் இணைத்து எடுப்பது பார்க்கச் சாமர்த்தியம் மாதிரி இருக்கும். அது நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிப் போகும் வேலை. கியரில் இருந்தால் வண்டி முன்னே நிற்பவர் மேல் பாயும். சோதனைக்குத் தேவைப்பட்டால் ஃப்யூஸ் வைத்த வயரும் அழுத்தும் சுவிட்சும் பயன்படுத்துங்கள், நியூட்ரலைக் கண்ணால் பார்த்த பிறகு.

கடைசியில் மோட்டார்

பேட்டரி பாரத்தில் நிற்கிறது, வோல்டேஜ் தொலையவில்லை, மோட்டாருக்குப் பத்து வோல்ட் போய்ச் சேர்கிறது, அப்படியும் சுற்றவில்லை. சரி, இப்போது கழற்றலாம்.

நெகட்டிவைக் கழற்றுங்கள். வயர்கள் எதில் எது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்டுகள்தான். கை நுழைவதுதான் கஷ்டம். கீழே இருந்து எடுப்பதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்குங்கள், எதிர்பார்ப்பதைவிட கனமாக இருக்கும். நடுவில் ஷிம் தகடு இருந்தால் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி அதனால்தான் சரியாக நிற்கிறது.

வெளியே வந்ததும் பெண்டிக்ஸைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் எளிதாகச் சுற்றி, மறுபக்கம் மோட்டாரோடு பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. மேசையில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் முதலில் வைஸில் இறுகப் பிடியுங்கள். கரண்ட் போனதும் எகிறிக் குதிக்கும். இரண்டு மூன்று நொடி போதும். சீரீஸ் சுருள் உள்ள பழைய வகை மோட்டார், பாரம் இல்லாமல் விட்டால் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் வேகத்துக்குப் போகும்.

பிரித்தால் பார்க்க வேண்டியவை கார்பன் பிரஷ்ஷின் நீளம், அதை அழுத்தும் ஸ்பிரிங், கார்பன் உரசும் தாமிர உருளையான கம்யூட்டேட்டர், தண்டைத் தாங்க இரு முனையிலும் உள்ள புஷ். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர், அதாவது சுழலும் பாகம், ஆடி உள்சுவரை உரசும். உரசிய தடம் பளபளப்பாகத் தெரியும். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மெல்லிய மணல் தாளால் சுற்றித் தேய்த்து, இடுக்கில் இருக்கும் கார்பன் தூளை ஊதி எடுங்கள். ஒருவழிக் கிளட்சையும் எண்ணெய் ஊறிய புஷ்ஷையும் பெட்ரோலில் போட்டுக் கழுவ வேண்டாம், உள்ளே ஆயுளுக்கும் வைத்த கிரீஸ் கரைந்துவிடும். கார்பனும் சொலினாய்டும் மட்டும் மாற்றினால் போதும் என்றால் அதைச் செய்யலாம். ஆர்மேச்சர் கருகிய வாடை அடித்தால் புது மோட்டார் வாங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

இரு சக்கர வண்டியில்

தத்துவம் அதேதான், அளவுதான் சின்னது. பெரும்பாலானவற்றில் சொலினாய்டுக்குப் பதில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு தனி ஸ்டார்ட்டர் ரிலே இருக்கும். ஒருவழிக் கிளட்ச் இன்ஜினுக்குள் மேக்னெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மோட்டார் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் அந்தக் கிளட்ச்தான். சோதிக்கும் முன் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், பிரேக் பிடி, கிளட்ச் பிடி நான்கையும் பாருங்கள். பேட்டரி சின்னதாக இருப்பதால் ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தினாலே தளரும். கிக்கர் இருக்கிறதே என்று தெம்பாக இருக்க வேண்டாம்: ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப்புக்கும் கரண்ட் வேண்டும், பேட்டரி அடியோடு செத்திருந்தால் கிக்கரும் கைவிடலாம்.

வழியில் மாட்டிக்கொண்டால்

இன்னொரு 12 வோல்ட் வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும் வரிசை: சிவப்பு வயர் முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு வயர் நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி வரும், அது ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் வரக் கூடாது. நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு முயலுங்கள். எடுத்ததும் அதே வரிசையைத் தலைகீழாகக் கழற்றுங்கள். உறைந்த பேட்டரி, வெடிப்பு விட்ட பேட்டரி என்றால் தொடவே வேண்டாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும். இரண்டாம் கியரில் சாவியை ஆன் செய்து, வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும்.

எப்படி எடுத்தாலும் சரி, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். 13.8-க்கும் 14.7-க்கும் இடையே இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. பழைய வண்டியில் 12.5-லேயே நின்றால் இன்ஜினை அணைக்காமல் நேராகப் பட்டறைக்கு ஓட்டுங்கள். அணைத்தால் அடுத்த முறை எடுக்காது.